வலிக்காத இடம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு விஷயம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் சாப்பாடு தொண்டையில் இறங்காது.

நானும் என் வீட்டுக்காரரும் சோபாவுக்கு உறை தைக்கிற கடை வைத்திருக்கிறோம். அவர் துணி வெட்டுவார், நான் தைப்பேன். என் மெஷின் ஊசி லேசாக மழுங்கினாலும் துணி சுருங்கி இழுக்கும். உடனே கழற்றிப் போட்டுவிடுவேன். அவரோ இன்சுலின் பேனாவில் மாட்டுகிற ஊசியைப் பத்துப் பன்னிரண்டு நாள் வைத்துக் குத்திக்கொள்வார். ஒரு தடவை குத்தியதும் போட்டுவிட வேண்டிய ஊசி அது. டப்பாவிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

ஊசி கிடைப்பது கஷ்டம் என்றாலாவது புரிந்துகொள்ளலாம். கிளினிக்கில் சும்மாவே தருகிறார்கள். பிரிக்காத மூன்று டப்பா அலமாரியில் கிடக்கிறது. என் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, "ஓசியில கெடைச்சதையும் பூட்டி வைக்கிற கஞ்சன் எங்கண்ணன்" என்று சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

"ஏங்க, மழுங்கின ஊசி வலிக்காதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வலிக்கவே இல்லையே. மழுங்கியிருந்தா வலிக்கணுமா வேண்டாமா? நீயே சொல்லு."

அவர் கேட்டதும் நியாயம்தான். அதுதான் என்னை அரித்தது.

இன்னொரு கவலையும் இருந்தது. அவருடைய வலது கண்ணில் புரை. சர்க்கரை இறங்கவில்லை என்று கண் டாக்டர் இரண்டு தடவை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டார். சர்க்கரை டாக்டரும் இன்சுலின் அளவை ஏற்றிக்கொண்டே வந்தார். பதினாறு யூனிட்டில் ஆரம்பித்தது முப்பத்திநான்கில் வந்து நின்றது. சர்க்கரை மட்டும் அசைவேனா என்றது. போன மாதம் வெல்வெட்டில் இழை எந்தப் பக்கம் படிகிறது என்று தெரியாமல் ஒரு துண்டைத் தலைகீழாக வெட்டிவிட்டார். ஒரே சோபாவில் ஒரு மெத்தை கறுப்பாகவும் இன்னொன்று சாம்பலாகவும் தெரிந்தது. ஆபரேஷனுக்கு மூன்றாம் தடவையாகக் குறித்த தேதிக்கு இன்னும் ஆறேழு வாரம்தான். அதுவும் தள்ளிப்போனால் கத்தரிக்கோலை அவர் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

சரி, சோதித்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். ஆறு நாள் நான்தான் ஊசி மாட்டிக் கொடுப்பேன். சில நாள் புதுசு, சில நாள் பழசு. எது என்று அவர் சொல்ல வேண்டும்.

"கண்ண மூடிக்குங்க. பாத்துட்டுச் சொல்லக் கூடாது."

"நான் எப்பவும் கண்ண மூடிக்கிட்டுத்தான் குத்துவேன்."

ஆறு நாளும் ஒரே பதில்தான்: "ஒண்ணும் தெரியல." ஜெயித்துவிட்ட சிரிப்பு வேறு.

ஏழாம் நாள் அந்தப் பழைய ஊசியைக் கடைக்கு எடுத்துப்போய் ஒரு சாட்டின் துண்டில் குத்திப் பார்த்தேன். நூலைக் கொக்கி போட்டு இழுத்தது. புது ஊசி தடமே தெரியாமல் போய் வந்தது. ஆக, ஊசி மழுங்கித்தான் இருக்கிறது, ஆனால் இந்த மனுஷனுக்கு வலிக்கவில்லை. அப்படியானால் கோளாறு ஊசியோடு நிற்கவில்லை, குத்துகிற இடத்திலும் இருக்கிறது.

"சட்டையத் தூக்குங்க" என்றேன்.

"கடையில வச்சு என்னடி இது?"

மெத்தைக்குள் பஞ்சு கட்டி தட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கிற விரல்கள் என்னுடையவை. தொப்புளுக்கு இடப்பக்கம் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்குத் திண்ணென்று ஒரு கட்டி. வலப்பக்கம் கைக்கு மெத்தென்று இருந்தது.

"எப்பவும் இங்கயேதானா?"

"அங்கதான் வலிக்காது."

விடை கிடைத்துவிட்டது! அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை புது ஊசி மாட்டி, அதே முப்பத்திநான்கை வலப்பக்கம் போட வைத்தேன். "ஆ!" என்றார். சொன்னால் வெட்கக்கேடு, அந்தச் சத்தம் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பதினொரு மணிக்குக் கத்தரிக்கோல் போகிற சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். துணியில் வெட்டு கோணல்மாணலாகப் போயிருந்தது. அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "அந்த... அந்த நீலம்..." என்று ஏதோ உளறினார். விரலில் குத்திச் சோதித்தால் சர்க்கரை ஐம்பத்திரண்டுக்கு இறங்கிக் கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. டீக்கு வைத்திருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் கழித்துத்தான் என்னை அடையாளம் தெரிந்தமாதிரி பார்த்தார்.

கிளினிக் நர்ஸுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். பிடி பிடியென்று பிடித்தாள்.

"ஒரே எடத்துல, அதுவும் மழுங்கின ஊசியால குத்திக்கிட்டே இருந்தா அப்படித்தான் கட்டி தட்டும். கட்டியில போட்டா வலி தெரியாது, மருந்தும் ஒழுங்கா உள்ள போகாது. அது தெரியாமத்தான் டாக்டர் அளவ ஏத்திக்கிட்டே வந்திருக்காரு. நல்ல எடத்துல அதே அளவப் போட்டா சுகர் தடால்னு விழாதா? எடத்த மாத்தறதுக்கு முன்னாடி எங்களக் கேக்க மாட்டீங்களா?"

கேட்டிருக்க வேண்டும். விடையைக் கண்டுபிடித்த மிதப்பில் ஆளைக் கொல்லப் பார்த்தேன். அன்று மாலையே டாக்டர் கட்டியைத் தடவிப் பார்த்து அளவைக் குறைத்தார். தினமும் இடம் மாற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும் புது ஊசி என்று கறாராகச் சொல்லி அனுப்பினார்.

"ஊசிய ஏன் மாத்தாம இருந்தீங்க?" என்று திரும்பி வரும்போது கேட்டேன்.

"புதுசோட மூடியக் கழட்டினா முனை மின்னும். பாத்தாலே ஒருமாதிரி இருக்கும். பழசுன்னா பழகிடுது."

"பயமா?"

"பயம்லாம் ஒண்ணும் இல்ல."

சர்க்கரை மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. குறித்த தேதிக்கு முந்தின வாரம் கண் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை வந்துடுங்க, செஞ்சிடலாம்" என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல் இருந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர் எனக்குப் பத்தடி பின்னாலேயே வந்தார்.

"என்னங்க, சந்தோஷமா இல்லையா?"

"கண்ணுலயும் ஊசி போடுவாங்களா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே பேசினார். "ரெண்டு தடவ தள்ளிப் போச்சுல்ல, ரெண்டு தடவையும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. வெல்வெட்டத் தப்பா வெட்டின அன்னிக்குக்கூட."

நான் தூக்கமில்லாமல் கிடந்த நாளில் எல்லாம் இந்த மனுஷன் நிம்மதியாக இருந்திருக்கிறார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது, வந்த வேகத்தில் அழுகையாகிவிட்டது. எங்கள் பஸ் வந்து நின்று போயும் விட்டது. அவர் கையைப் பிடித்தேன். சில்லென்று வியர்த்திருந்தது. பதறிப்போய்ப் பையில் சர்க்கரைப் பொட்டலத்தைத் தேடினேன்.

"சுகர் இல்ல" என்றார். "பயம்."

அடுத்த பஸ்சுக்கு இருபது நிமிஷம் இருந்தது. கையை விடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.