டோக்கன் இல்லாத காடு

“மேப்பைக் குடுங்க சார்.”

கேட்கவே கூடாதது அது ஒன்றுதான். காலையில் பண்ணை வீட்டு வாசலில் நிற்கவைத்து, ட்ரெய்னர் ஸ்டீவன் சார் விரலை நீட்டிச் சொல்லியிருந்தார்: “தண்ணி கேளுங்க, பிஸ்கட் கேளுங்க, ரெஸ்ட் வேணும்னு கேளுங்க. லீடர்கிட்ட மேப் மட்டும் கேக்கவே கூடாது. கேட்டா லீடர் மேல நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம். நம்பிக்கை போனா டீம் காலி.”

அப்போது பியூலா தலையாட்டினாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆட்டிப் பழகிய தலை. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில், இன்சூரன்ஸ் கிளெய்ம்களைப் பார்க்கும் ஒரு கம்பெனியில் அவள் இன்னும் கன்பர்ம் ஆகாத ஆள். “கன்பர்ம் ஆவுற வரிக்கும் வாயத் தொறக்காதடி” என்று அம்மா ஞானசுந்தரி தினமும் டிபன் பாக்ஸோடு இதையும் கட்டிக் கொடுத்து அனுப்புவாள். கோரமண்டல் சுரங்க லைன் வீட்டில், இரண்டு பக்கத்து உறவிலும், டிகிரி என்ற பெயரில் சுவரில் ஃபிரேம் போட்டுத் தொங்குவது பியூலாவின் பி.காம். மட்டும்தான். அந்த ஃபிரேமுக்கு அம்மா வாராவாரம் தூசி தட்டுவாள். இயேசு படத்துக்குக்கூட மாசத்துக்கு ஒரு தடவைதான்.

கன்பர்ம் ஆவதற்குக் கடைசிப் படி இந்தக் காட்டு முகாம். ‘பீதி, தனிமை, சலிப்பு: மூன்று எதிரிகளை வெல்லுங்கள்’ என்பது தலைப்பு. ஏ.சி. அறையில் கிளெய்ம் ஃபைல் தள்ளுகிறவர்களுக்கு யானைக்காட்டில் உயிர் பிழைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கம்பெனியில் யாருக்கோ தோன்றிவிட்டது. ட்ரெய்னர் ஸ்டீவன் கொடுக்கிற ரிப்போர்ட்டில்தான் எல்லாம். பெங்களூர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே நாளில் காய்ச்சல் வந்துவிட்டது, டாக்டர் சர்டிபிகேட்டோடு. காய்ச்சல் வர வசதி இல்லாத இரண்டு கே.ஜி.எஃப். தங்கவயல் பேர்வழிகள் மட்டும் வந்து சேர்ந்தார்கள்: பியூலாவும், ஊரிகத்து உதயும். ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் திரும்புகிறவர்கள்.

இப்போது உச்சி வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மாரிகுப்பத்துக்குத் தெற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய முள்ளுக்காடு. காலையில் தாண்டிப்போன, பல் விழுந்த வாய் மாதிரி பிளந்திருந்த பாறையே மறுபடியும் எதிரே வந்தபோதுதான் அவள் வாய் திறந்தது.

“இது எக்ஸர்சைஸ் பியூலா,” என்றார் ஸ்டீவன். காக்கித் தொப்பி, பல பாக்கெட் வைத்த பேன்ட், கழுத்தில் விசில். “தொலைஞ்சுபோன மாதிரி உங்கள ஃபீல் பண்ண வெக்கிறதுதான் என் வேலை.”

“ரொம்ப நல்லா செய்றீங்க சார். மேப்பைக் குடுங்க.”

“நீ இந்த ஊருதானே? உனக்கே வழி தெரியலையா?”

“எங்க ஊர்ல பொண்ணுங்க ட்ரெயினுக்குத்தான் போவோம் சார். காட்டுக்குப் போமாட்டோம். மேப்பு.”

ஸ்டீவன் ஒவ்வொரு பாக்கெட்டாகத் தடவினார். சாக்லேட் வந்தது, சன்ஸ்கிரீன் வந்தது, கயிறு வந்தது. கடைசியில் உண்மையும் வந்தது. மேப் போனில் இருந்தது. போன் பண்ணை வீட்டு லாக்கரில் இருந்தது. காலையில் எல்லார் போனையும் வாங்கி உள்ளே வைத்தபோது, முன்னுதாரணமாக இருக்கட்டும் என்று தன் போனையும் வைத்துப் பூட்டியிருந்தார்.

அதைக் கேட்டதும், ஒருவரை ஒருவர் பார்க்காமலே, பியூலாவும் உதயும் நின்ற இடத்திலேயே குந்திவிட்டார்கள்.

ஸ்டீவனின் முகத்தில் அவ்வளவு நேரம் இல்லாத வெளிச்சம். “ஃப்ரீஸ் ரெஸ்பான்ஸ்! பீதி வந்தா உடம்பு உறைஞ்சு போகும். ஸ்லைடுல காட்டினேனே, அதேதான்!”

பீதியும் இல்லை, ஸ்லைடும் இல்லை. தங்கச் சுரங்கத்தில் ஆள் இறங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எலும்பில் இருக்கிற பழக்கம். பூமிக்கடியில் லெவல் என்கிற பாதையில் போய்க்கொண்டிருக்கும்போது தலை விளக்கு அணைந்தால் அப்படியே குந்த வேண்டும். அடுத்த அடி பள்ளமாக இருக்கலாம். பியூலாவின் அப்பா ஆர்தர், சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூரில் ஒரு மாலில் செக்யூரிட்டியாக நின்றவர், வீட்டில் கரன்ட் போனால் இன்றைக்கும் குந்திவிடுவார். கரன்ட் வந்த பிறகு, எல்லாரும் பார்க்கிறார்களே என்று கீழே எதையோ தேடுகிற மாதிரி நடிப்பார்.

“எழுந்திருங்க! ஆக்‌ஷன்!” என்று கத்திவிட்டு ஸ்டீவன் தானே ஆக்‌ஷனில் இறங்கினார். கிழக்கே ஓடினார், விசில் ஊதினார். திரும்பி வந்தார். மேற்கே ஓடினார், விசில் ஊதினார். காடு பதில் சொல்லவில்லை. ஒரு கௌதாரி மட்டும் கோபித்துக்கொண்டு பறந்தது. மூன்றாவது முறை வந்தபோது தொப்பியைக் காணோம், கன்னத்தில் முள் கிழித்த கோடு, மூச்சு நாய்க்கு வாங்குகிற மாதிரி வாங்கியது. “ஐ ஆம் காம், ஐ ஆம் காம்,” என்று தன் மார்பைத் தானே தட்டிக்கொண்டார். அதுவும் ஸ்லைடில் இருந்ததுதான்.

“சாருக்கு இன்னா ஆச்சு?” என்றான் உதய்.

“முதல் எதிரி வந்துட்டான்,” என்றாள் பியூலா.

சிரிப்பு முடிவதற்குள் பின்னால் புதர் சரசரத்தது. பெரிய சரசரப்பு. இந்தப் பக்கம் யானை இறங்கும் என்று பேப்பரில் வராத மாதம் கிடையாது. பியூலாவின் காதுக்குள் நெஞ்சு இடித்தது. ஸ்டீவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கத்தினால் அந்த இடி நிற்காது என்று மட்டும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, தினமும் ஏறுகிற ரயிலின் ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். மாரிகுப்பம், மூச்சு. சாம்பியன் ரீப்ஸ், மூச்சு. ஊரிகம், இங்கே உதய் ஏறுவான். கோரமண்டல், இங்கே நான் ஏறுவேன், இடம் இருக்காது, கதவோரம் நிற்பேன், ஒரு மாமி கூடையால் இடிப்பாள். பங்காருப்பேட்டை வருவதற்குள் நெஞ்சு தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. கண்ணைத் திறந்தாள். ஒரு கீரிப்பிள்ளை பாறை மேல் நின்று மூன்று பேரையும் அலட்சியமாகப் பார்த்துவிட்டு, வேலை இருக்கிறவன் மாதிரி போனது.

அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. யானை வந்தால்கூடத் தேவலை என்கிற அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. வெயில் நின்ற இடத்திலேயே நின்றது. எறும்பு ஒரு செத்த பூச்சியை இழுத்துப்போனது. உதய் ஒரு குச்சியை வைத்து அதற்கு டிராபிக் போலீஸ் வேலை பார்த்தான். மூச்சு திரும்பிய ஸ்டீவன், சலிப்பைப் போக்க வட்டமாக உட்காரச் சொன்னார். மூன்று பேர் வட்டமாக உட்கார முடியாது, முக்கோணமாகத்தான் முடியும் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

“இப்ப ஒவ்வொருத்தரா இந்தக் காட்டுக்கு நன்றி சொல்லுங்க.”

“முள்ளுக்கு நன்றி,” என்றான் உதய். “சட்டைக்குள்ள போயி முதுகு சொறிஞ்சு விட்டுச்சு.”

“பியூலா?”

“லாக்கருக்கு நன்றி சார்.”

“நெகட்டிவிட்டி! சரி, அடுத்தது தனிமை. கண்ணை மூடுங்க. உங்கள நேசிக்கிறவங்க இப்ப உங்களப் பத்தி என்ன நினைப்பாங்கன்னு யோசிங்க.”

அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். பியூலா யோசித்தாள். அம்மா இந்நேரம் பக்கத்து வீட்டு சரோஜம்மாவிடம், “எம்பொண்ண கம்பெனியே டூர் கூட்டினு போயிருக்குது, பிரியாணியாம், ஸ்விம்மிங் பூலாம்” என்று அளந்துகொண்டிருப்பாள். மகள் போன் எடுக்கவில்லை என்றால் ஜாலியாக இருக்கிறாள் என்று அர்த்தம். அவ்வளவுதான். உலகத்தில் ஒரு ஜீவனும் தன்னைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு தனிமை வந்து இறங்கியது. அழுகை வந்தது. இவர் முன்னால் அழுதால் அதற்கும் ஒரு ஸ்லைடு வைத்திருப்பார் என்று விழுங்கினாள்.

விழுங்கும்போதுதான் அந்தக் கேள்வி முளைத்தது.

“உதய், நாம இன்னாத்துக்குக் குந்திக்கினு கீறோம்?”

“இன்னாமே கேள்வி இது? லைட்டு போனா குந்தணும். ஆளு வருவாங்க.”

“எப்பிடி வருவாங்க?”

“ஷிப்ட் முடிஞ்சா டோக்கன் எண்ணுவாங்கல்ல?”

சொல்லிவிட்டு அவனே சுற்றிலும் பார்த்தான். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலில், ஒரு போர்டில் ஆளுக்கொரு பித்தளை டோக்கன். இறங்கும்போது எடுத்துப் போவார்கள், ஏறி வந்து திருப்பிக் கொடுப்பார்கள். ஒரு டோக்கன் குறைந்தால் கீழே ஓர் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம், தேட இறங்குவார்கள். குந்தியிருக்கிறவனுக்கு அந்த ஒரு தைரியம்தான்.

பியூலா ஸ்டீவனிடம் திரும்பினாள். “சார், நம்மள யாரு எண்ணுவாங்க?”

“எண்ணுறதுன்னா?”

“வண்டி எப்ப வரும்?”

“திங்கட்கிழமை காலைல.”

“வாட்ச்மேன்?”

“லீவு குடுத்துட்டேன். எல்லாம் ஆதென்டிக்கா இருக்கணும்னு...”

“எச்.ஆர். ஷில்பா மேடம்? எந்தப் பக்கம் நடக்கப்போறோம்னு அவங்களுக்குத் தெரியுமா?”

ஸ்டீவன் சன்ஸ்கிரீன் மூடியைத் திறந்தார், மூடினார். அன்று சனிக்கிழமை.

குந்துவது புத்திசாலித்தனம்தான், மேலே எண்ணுகிறவன் இருக்கிற வரைக்கும். இந்த ஊருக்கு அந்த இரண்டாவது பாதி மறந்துபோய்விட்டது. சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. விளக்கு அணைந்த அன்றைக்குக் குந்தியவர்கள் இன்னும் குந்தியிருக்கிறார்கள். திறப்பார்கள், யாராவது வருவார்கள், கட்சிக்காரன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் என்று. டோக்கன் போர்டையே பழைய இரும்போடு எடைபோட்டு விற்றாயிற்று. உதயின் அப்பா ராஜப்பா இருக்கிறாரே, அவரிடம் எதைக் கேட்டாலும் “இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்” என்பார். வீட்டுக் கூரை ஒழுகினாலும் அதே பதில்தான். மகன் வேலைக்குப் போய்த்தான் ஓடு மாற்றினான்.

தானும் இவ்வளவு நேரமாக அதையே செய்துகொண்டிருந்ததை நினைக்க, பியூலாவுக்கு ஸ்டீவன் மேல் இருந்ததைவிடத் தன் மேல் கோபம் வந்தது. எழுந்து நின்றாள்.

“நடக்கலாம்.”

“எங்க?”

“காலைல நாம நடக்கும்போது எனக்கு இடது கன்னம் எரிஞ்சுச்சு. சூரியன் அந்தப் பக்கம். அப்பன்னா தெக்கே வந்திருக்கோம். இப்ப சூரியன் மேற்கே கீது. மறுபடியும் இடது கன்னமே எரியுற மாதிரி நடந்தா, வடக்கே போவோம். எதனா ஒரு ரோடு, எதனா ஒரு ஆடு மேய்க்கிறவரு, எதனா ஒண்ணு வந்துதானே ஆவணும்?”

ஸ்டீவனும் எழுந்தார். வழி மறித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் வழியில் நின்றார். குரலைத் தேன் மாதிரி ஆக்கிக்கொண்டார்.

“பியூலா, உக்காரு. கொஞ்சம் பிராக்டிகலா யோசி. நீ போய் ஊர்க்காரங்கள கூட்டிட்டு வந்தா, அது என்ன? ரெஸ்க்யூ. ஆபீசுக்குத் தெரியும். என் பேரு, என் புரோகிராம், எல்லாம் போச்சு. பிஸ்கட் இருக்கு, தண்ணி கொஞ்சம் இருக்கு. திங்கட்கிழமை டிரைவர் வருவான், தேடுவான். இது பிளான் பண்ண எக்ஸர்சைஸ், சார் எங்கள தைரியமா வெச்சுக்கிட்டாருன்னு மூணு பேரும் ஒரே மாதிரி சொல்லுவோம். ரெண்டு பேருக்கும் டாப் ரிப்போர்ட். கன்பர்ம்.”

“நான் சொல்றேன் சார்,” என்றான் உதய். யோசிக்கக்கூட இல்லை.

பியூலா யோசித்தாள். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. அம்மா சர்ச்சில் எழுந்து நின்று, என் மகளுக்கு வேலை நிரந்தரமாயிற்று, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்வதை மனசில் பார்த்தாள். அந்தப் புடவைகூடத் தெரிந்தது, கரும்பச்சை. இரண்டு ராத்திரி முள்ளில் குந்தியிருந்து, ஒரு பொய் சொன்னால் போதும். பொய்கூட இல்லை, தலையாட்டினால் போதும். அது கைவந்த கலைதானே.

அப்புறம் அடுத்த வருஷம்? இந்த ஆள் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு இதே காட்டுக்கு வருவார். அவர்களுக்கு என் கதையை ஸ்லைடில் போட்டுக் காட்டுவார்.

“தண்ணி பாட்டில்ல பாதிதான் கீது சார்,” என்றாள். “திங்கட்கிழமை வரிக்கும் நீங்க தாங்குவீங்களா? மூணு தடவை ஓடினதுக்கே ஐ ஆம் காம் ஆயிட்டீங்க.”

“இங்கேர்ந்து ஒரு அடி வெச்சேன்னா கன்பர்மேஷன மறந்துடு. டீம விட்டுட்டுப் போனவள்னு எழுதுவேன்.”

“எழுதுங்க. எழுதும்போது, மேப்பு கேட்டாள்னும் சேத்து எழுதுங்க.”

“பியூலா,” என்றான் உதய், குந்திய இடத்திலிருந்தே. குச்சி இன்னும் கையில் இருந்தது. “கோவத்துல போவாத. இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்.”

அவனுக்கு அவன் அப்பாவின் குரல் வந்துவிட்டிருந்தது. இருபத்தைந்து வயசில். அதைக் கேட்டபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. கையை நீட்டினாள். அவன் கையைப் பார்த்தான், ஸ்டீவனைப் பார்த்தான், எறும்பைப் பார்த்தான்.

“சரி, குந்து. ஆனா இதே எடத்துலயே குந்து, எங்கயும் நகராத. நான் பாக்குற மொத ஆளுகிட்ட ரெண்டு பேரு இங்க கீறாங்கன்னு சொல்லி அனுப்புறேன்.”

“சொல்லாதே!” என்று ஸ்டீவன் அலறினார். “நாங்க தொலைஞ்சு போகலை!”

அவள் துப்பட்டாவைத் தலையில் சுற்றி, இடது கன்னத்தை மட்டும் வெயிலுக்குத் திறந்துவிட்டுக்கொண்டாள். பின்னால் விசில் சத்தம் கேட்டது, முதலில் கட்டளை மாதிரி, பிறகு கெஞ்சல் மாதிரி. பாறைச் சரிவில் முள் சுரிதாரைப் பிடித்து இழுத்தது. நின்று எடுத்துவிடவில்லை, கிழிந்தால் கிழியட்டும் என்று நடந்தாள். வேலை கன்பர்ம் ஆகாது என்று அம்மாவிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, சொல்லிக்கொண்டே போனாள்.