வாசலில் சொல்லாமல் விட்ட சாவு

செங்கடல் கரையில் இருக்கும் ஐதாப் துறைமுகத்திலிருந்து நைல் கரைக் கூஸ் பட்டணத்துக்குப் பதினேழு நாள் பாலைவனம். நான் சொன்னால் அது நாற்பது நாள். முப்பத்தாறு வருடம் அந்த வழியில் வணிகர்களின் கடிதப் பைகளோடு ஒட்டகம் ஓட்டியவன் நான். இருபத்து மூன்று நாளைக் கூட்டிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

கூஸில் ஒட்டகத்தை விட்டுவிட்டு, படகேறி நைல் நதியோடு வந்து ஃபுஸ்தாத்தில் இறங்குவேன். மிளகு வணிகர்களின் சத்திரத்து வாசலில் கூட்டம் காத்திருக்கும். பாதிப் பேர் கடிதத்துக்காக, மீதிப் பேர் என் வாய்க்காக. முஸ்லிம், யூதர், கிறிஸ்தவர் எல்லாரும் தோளோடு தோள் நிற்பார்கள்.

"ஹிலால் மாமா, இந்தத் தடவை மீன் எவ்வளவு நீளம்?"

"பெரிய பள்ளிவாசல் இருக்கே, அதுல ரெண்டு தூண் கம்மி."

"போன தடவை ஒரு தூண்தானே கம்மின்னே?"

"அது தாய்டா. இது பிள்ளை."

பையை இறக்கி வைப்பதற்குள் எனக்குத் தெரிந்த எல்லாம் வெளியே வந்துவிடும். யார் கப்பல் முழுகியது, யார் ஏடனில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார், எந்த மாலுமி சுறாவின் வாயிலிருந்து தன் செருப்பைப் பிடுங்கினான் என்று ஒன்றையும் மிச்சம் வைக்க மாட்டேன். என் வயிற்றில் ரொட்டி தங்கும், செய்தி தங்காது. ஒட்டகம் ஓட்டிய காலத்தில் ஒரே ஒரு முறை தங்கியது.

அந்தச் செய்தி சலாமாவைப் பற்றியது. சலாமா யூத வணிகர், கொல்லத்துக்குப் போய் மிளகு ஏற்றி வருபவர். இரண்டு முறை போய் வந்தார். வரும்போது மிளகோடு அந்த ஊர்ப் பழக்கங்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. சாப்பிட்டதும் ஏதோ பாக்கை மென்று பல்லைச் சிவப்பாக்கிக்கொள்வார். எலுமிச்சம்பழத்தை உப்பும் மிளகும் போட்டு ஊற வைக்கும் வித்தையை மனைவி துர்ஃபாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் போட்ட ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் தெருக்கோடியில் கழுதை தும்மும். கடிதம் கொண்டுபோகும் போதெல்லாம் எனக்கு ரொட்டியில் வைத்துத் தருவாள். நான் கண்ணீர் விட்டுக்கொண்டே, "கொல்லத்துல இதைப் பச்சைப் பிள்ளைக்குப் பால்ல கலந்து குடுக்கிறாங்க தங்கச்சி" என்பேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. இதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மூன்றாம் பயணத்திலிருந்து அவர் திரும்பிக்கொண்டிருந்தார். ஏடனிலிருந்து ஒரே கடிதத்தை மூன்று பிரதி எழுதி மூன்று கப்பலில் அனுப்பியிருந்தார். ஒன்று கடலுக்குப் போனாலும் இன்னொன்று வீட்டுக்கு வரட்டும் என்று வணிகர்கள் அப்படித்தான் செய்வார்கள். இரண்டு பிரதியை நானே கொடுத்தேன். பஸ்கா பண்டிகைக்கு வீட்டில் இருப்பேன், ஊறுகாயைத் தீர்த்துவிடாதே என்று எழுதியிருந்தது.

அவர் வந்த படகு ஐதாப்பின் கண்ணெதிரில் பவளப் பாறையில் மோதியது. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த படகு, தையல் பிரிந்து கிடந்தது. அன்று மாலை ஏழு பேர் பிணமாகக் கரை ஒதுங்கினார்கள். நாலாவது ஆள் சலாமா. இடது புருவத்தில் ஒட்டகம் உதைத்த தழும்பு. உதைத்தது என் ஒட்டகம்தான். அந்த முகத்தில் எனக்கு எப்படிச் சந்தேகம் வரும்? படகில் வந்தவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த வாரம் ஐதாப்பில் வேறு யூதர் ஒருவரும் இல்லை. முஸ்லிமான நானே கழுவினேன், நானே குழி தோண்டினேன். முகத்தை ஜெருசலேம் பக்கம் திருப்பினேன். திசை சரிதானா என்று கேட்டுக்கொள்ள ஆள் இல்லை.

கிளம்பும்போது ஒரு முடிவு செய்தேன். மீன் கதை கேட்கும் கூட்டத்தின் நடுவே இந்தச் சாவை நான் கொட்டக் கூடாது. அவள் தெருவில் போகிறவன் வாயால் இதைக் கேட்கக் கூடாது. பதினேழு நாள் பாலைவனத்தில் ஒட்டகத்திடம் மட்டும் சொன்னேன். கூஸில் வாய் திறக்கவில்லை. படகில் திறக்கவில்லை. சத்திரத்து வாசலில் நான் பேசாமல் பையை இறக்கியதும் கூட்டம் பயந்துவிட்டது. ஒருவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். இன்னொருவன் பன்னீர் தெளித்தான்.

குளித்து, வெளுத்த உடுப்பு போட்டுக்கொண்டு, நேராக யூதர்களின் நீதிபதி ஸாதோக்கிடம் போய் நின்றேன். அவருடைய எழுத்தர் என்னைப் பார்த்ததும் இளித்தான்.

"ஐயா, சலாமா செத்ததுக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கேன்."

நீதிபதி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "என்ன சொல்ல வந்திருக்கே?"

"சாட்சிங்கய்யா. என் கையால புதைச்சேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, ஒற்றை மரப் பாலத்தின் நடுவில் நிற்பவனைக் கூப்பிடுவது போல மெதுவாக, ஜாக்கிரதையாகக் கேட்டார். "ஏம்ப்பா, வர்ற வழியில இதை யார்கிட்டயாவது சொன்னியா? கூஸ்ல? சும்மா, பேச்சோட பேச்சா?"

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "ஒருத்தர்கிட்ட கூட இல்லைங்கய்யா. ஒட்டகத்துகிட்ட மட்டும்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ரொட்டிக் கடையில?"

"வாயே திறக்கலைங்கய்யா."

"படகுல யாராவது எங்க ஆளு இருந்தானா? அவன் காதுல விழற மாதிரி ஏதாவது?"

"நானா? ஊமை மாதிரி வந்தேனுங்கய்யா!" மெச்சுவார் என்று காத்திருந்தேன்.

அவர் எழுத்தரை வெளியே போகச் சொல்லிவிட்டு, என்னைத் தரையில் உட்கார வைத்தார்.

"ஹிலால், எங்க சட்டம் இது. செத்ததை எங்க ஆள் ஒருத்தன் பார்த்திருந்தா போதும், பொண்டாட்டிக்கு விடுதலை, வேற கல்யாணம் பண்ணிக்கலாம். வேற மார்க்கத்துக்காரன் பார்த்திருந்தா, அவன் சாட்சின்னு வந்து நிக்கக் கூடாது. இதனால யாருக்கு என்ன ஆகும்னு நினைக்காம, பேச்சு வாக்குல அவன் வாயிலேர்ந்து தானா விழணும். அதைக் கேட்ட எங்க ஆள் வந்து சொன்னா நான் கண்ணை மூடிட்டு ஏத்துக்குவேன். நீ எப்பவும் போல வாசல்ல உளறியிருந்தா போதும்ப்பா."

நான் எழுந்துவிட்டேன். "இப்பவே போய் உளர்றேனுங்கய்யா!"

"இனிமே நீ உளறினா அது உளறல் இல்லையே."

"ஆங், இப்பத்தான் ஞாபகம் வருது. அந்தப் படகுக்காரன்கிட்ட..."

"ஹிலால்."

"சத்தியமாங்கய்யா, பேச்சோட பேச்சா..."

"ஹிலால். வேண்டாம்ப்பா."

அத்தனை வருடம் அளந்து விட்டவனுக்கு அன்று ஒரு பொய் செல்லவில்லை.

இருவரும் துர்ஃபா வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே நீதிபதியின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"அவர் முகத்தைப் பார்த்தீங்களா அண்ணே?" என்னைத்தான் கேட்டாள்.

"பார்த்தேன் தங்கச்சி. புருவத் தழும்போட."

அவள் கை தானாக அங்கியின் கழுத்துக்குப் போனது. சாவைக் கேட்டதும் நெஞ்சுப் பக்கம் துணியைக் கிழிப்பது அவர்கள் வழக்கம். துணியைப் பற்றிவிட்டாள். நீதிபதி அவசரமாக, "வேண்டாம்மா, வேண்டாம்" என்றார். "கிழிச்சா துக்கம்னு ஆயிடும். ஏழு நாள் உட்காரணும். ஊரு விதவைன்னு நினைச்சுக்கும். அந்தப் பேரை நான் உனக்குத் தர முடியாதும்மா."

"அவர் செத்துட்டாருங்கய்யா."

"எனக்குத் தெரியும்மா. மன்றத்துக்குத் தெரியாது."

கையை எடுத்தாள். பிடித்ததில் கசங்கிய இடத்தை நீவிவிட்டாள். பிறகு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஸாதோக் கல்நெஞ்சர் இல்லை. ஏடனுக்கும் கூஸுக்கும் கொல்லத்துக்கும்கூட எழுதிக் கேட்டார். பார்த்தவன் எவனும் இல்லை. நானும் சும்மா இருக்கவில்லை. வாசலுக்கு வரும் வெளியூர் யூதர்களின் பக்கத்தில் போய் நின்று, யாரோடோ பேசுவது போல, "பாவம் அந்த சலாமா!" என்று தொண்டை கிழியப் பேசினேன். துனிஸிலிருந்து வந்த ஒருவன் நம்பி மன்றத்துக்கே ஓடினான். "யார் சொன்னா?" என்று கேட்டாராம் ஸாதோக். "ஹிலால்னு ஒரு ஒட்டகக்காரன்." அவனுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

சர்க்கரை காய்ச்சும் வஹீப் துர்ஃபாவைப் பெண் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர், நல்ல மனுஷர். உடம்பெல்லாம் பாகு வாசனை. ஆறு வருடம் காத்திருந்தார். பிறகு அலெக்சாந்திரியாவில் பெண் எடுத்தார். துர்ஃபா கல்யாணத்துக்கு ஒரு ஜாடி ஊறுகாய் அனுப்பினாள். அதை நானே சுமந்துகொண்டு போனேன். ஆற்று வழியெல்லாம் அந்த ஜாடியை நைலில் தூக்கி எறிய வேண்டும்போல இருந்தது.

ஸாதோக் காலமானார். அடுத்து வந்த நீதிபதியும் அதையே சொன்னார். எனக்கு முட்டி போய்விட்டது. ஒட்டகத்தை விற்றுவிட்டு ஃபுஸ்தாத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வியாழக்கிழமை தோறும் அவள் வீட்டுக்குப் போவேன்.

"அண்ணே, சொல்லுங்க" என்பாள். எதை என்று கேட்க வேண்டியதில்லை.

சலாமாவின் அடக்கத்தைச் சொல்வேன். முதல் வருடம் அதில் நாற்பது பேர் வந்தார்கள். பிறகு நானூறு. அப்புறம் மீனவர்கள் எல்லாரும் வலையை மடித்து வைத்துவிட்டு வந்தார்கள், துறைமுக அதிகாரி வெறுங்காலோடு நடந்தார், கொல்லத்து வணிகர்கள் சந்தனக் கட்டை கொண்டுவந்தார்கள்.

"போன வாரம் அதிகாரி கழுதை மேல வந்தாரே?"

"பாதி வழிக்கு அப்புறம் இறங்கிட்டாரு தங்கச்சி. மரியாதைக்கு."

"அழுதாரா?"

"அழுத அழுகையில கழுதை நனைஞ்சு போச்சு."

சிரிப்பாள். வாயைப் பொத்திக்கொள்ள மாட்டாள் இப்போது. பல் இரண்டு போயிருந்தது.

ஒரு வியாழக்கிழமை சிரிக்கவில்லை. "எத்தனை பேர் இருந்தாங்க அண்ணே?"

நான் தரையைப் பார்த்தேன். "நான் மட்டும்தான். காத்து அடிச்சுது. மண்ணைப் போடப் போடக் காத்து அள்ளிட்டுப் போச்சு."

தலையை ஆட்டினாள். ஜாடியை எடுக்க மேல் பலகைக்குக் கையைத் தூக்கினாள். மேல் துணி நழுவியது. உள் அங்கியில், இடது நெஞ்சுப் பக்கம், ஒரு கிழிசல். புதியது அல்ல. ஓரம் பிரிந்து போகாதபடி சுற்றிலும் நூல் ஓட்டியிருந்தது. துவைத்துத் துவைத்து நூல் வெளுத்திருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"அண்ணே. வாசல்ல சொல்லிடாதீங்க."

"எதை?" என்றேன்.

ரொட்டியில் ஊறுகாயை வைத்து நீட்டினாள். தின்றேன். கண்ணில் நீர் வந்தது, காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது வருடம் சொல்லவில்லை. போன குளிர்காலத்தில் துர்ஃபா கண்ணை மூடினாள், அதனால் இப்போது சொல்கிறேன். ஒரு முழம் கிழிந்திருந்தது என்று சொன்னால் கேட்கிறவர்கள் நம்புவார்கள். ஒரு விரல் நீளம்தான் இருந்தது.