போகப் பத்து, வரப் பத்து

இரவு பதினொன்று ஐந்துக்கு அம்மா கேட்ட கேள்விக்கு மகள் பதினொன்று இருபத்தைந்துக்குப் பதில் சொன்னாள். கேட்டது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. "சாப்பிட்டியா பாப்பா?" அவ்வளவுதான். நானூறு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவள் அன்று காலைதான் வெளியே வந்திருந்தாள். வேன் கதவைத் திறந்ததும் உள்விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் மகளின் முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்துத் தெரிந்தது. அம்மா பக்கத்தில் ஏறி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது அதைத்தான். மகள் திரும்பிப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள். பதில் சொல்லவில்லை. களைப்பாக இருக்கும் என்று அம்மாவும் விட்டுவிட்டாள். வேன் பாலம் ஏறி இறங்கி, சிக்னல் சிக்னலாக நின்று, அவர்கள் தெரு தொடங்கும் இடத்தில் உள்ள ரயில்வே கேட்டுக்கு வந்தபோது, யாரோ அப்போதுதான் கேட்டதுபோல மகள் வாயைத் திறந்தாள்.

"சாப்பிட்டேம்மா. ரெண்டு ரொட்டி. நீ சாப்பிட்டியா?"

அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் பார்ப்பது அவளுக்குத் தொழில். கேட்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது.

அந்தத் தொழிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் எதுவும் விளங்காது. ஊருக்கு வெளியே பெரிய கிடங்கு ஒன்று; கிடங்குக்குள் ஜன்னலே இல்லாத ஒரு வீடு. செவ்வாய்க் கிரகத்துக்குப் போய் அங்கேயே குடியிருக்கப் போகிற எட்டுப் பேரை முதலில் அந்த வீட்டில் பூட்டி வைத்துப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாமல் நானூறு நாள் இருக்கிறார்களா என்று பார்க்கத்தான். அங்கே போனால் ஒரு வார்த்தை போய்ச் சேரப் பத்து நிமிடம், பதில் வரப் பத்து நிமிடம் என்று கணக்கு. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்தத் தொலைவை உண்டாக்க ஓர் ஆள் வேண்டும். அதுதான் அம்மாவின் வேலை. உள்ளேயிருந்து வரும் செய்தி அவள் திரையில் விழும். அவள் படிப்பாள், கடிகாரத்தை ஓடவிடுவாள், பத்து நிமிடம் ஆனதும் பொத்தானை அழுத்துவாள். அப்புறம்தான் அது சோதனையை நடத்துகிறவர்கள் இருக்கும் பெரிய ஹாலுக்குப் போகும். ஹாலிலிருந்து உள்ளே போவதற்கும் அதே பத்து நிமிடம். எந்திரமே செய்துவிடும் வேலைதான். ஆனால் சாவுச் செய்தி, சண்டைப் பேச்சு என்று ஏதாவது போனால் பார்த்து அனுப்ப ஒரு மனுஷி இருக்கட்டும் என்று பொறுப்பாளர் நினைத்தார். பெற்றவளை அந்த நாற்காலியில் உட்காரவைக்கலாமா என்று பலரும் ஆட்சேபித்தார்கள். "எங்கம்மாவால முடியும், முப்பது வருஷம் டெலிபோன் ஆபீஸ்ல இருந்தவங்க" என்று அடித்துச் சொன்னவள் மகள்தான். ஹாலில் எல்லாரும் அம்மாவுக்குப் 'பத்து நிமிஷம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "பத்து நிமிஷம் வந்தாச்சா? பத்து நிமிஷத்துக்கு டீ குடுத்தாச்சா?"

அவள் நாற்காலிக்கும் மகள் படுத்திருந்த கட்டிலுக்கும் நடுவில் எட்டு அடி இருந்தால் அதிகம்.

அந்த நானூறு நாளில் ஒரு செகண்டு முந்தியதில்லை, பிந்தியதில்லை. முந்திவிடலாமா என்று நினைத்தது ஒரே ஒரு நாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் நாள் மகளிடமிருந்து வந்த செய்தி அது: "பம்ப் தகடு கையைக் கிழிச்சிருச்சு. ரத்தம் நிக்கல. டாக்டர் ஜுரத்துல எழுந்திருக்க முடியாம கிடக்கார். எங்க அழுத்தணும்?" எங்கே அழுத்த வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும். சுவரைத் தட்டிக் கத்தினால் காது கேட்கும். ஆனால் ஒரு வார்த்தை முந்திப் போனாலும் சோதனை செல்லாது. எட்டுப் பேருடைய நாலு வருஷ உழைப்பும் பாழ். அவள் கடிகாரத்தை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம். பிறகு ஹாலிலிருந்து வைத்தியர் எழுதிய பதிலைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு பத்து நிமிடம். மேஜை விளிம்பில் அவள் நகம் கீறிய தடம் இன்னும் இருக்கிறது. "நின்னுடுச்சு" என்று உள்ளேயிருந்து வந்தபோது, அதையும் பத்து நிமிடம் பிடித்து வைத்திருந்துதான் அனுப்பினாள். அன்று வீட்டுக்குப் போய்ப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இப்போது மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள், பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டாள். சோதித்த வைத்தியர், மனசு அந்தத் தாளத்துக்குப் பழகிவிட்டது, எட்டுப் பேருக்கும் அப்படித்தான், போகப்போகச் சரியாகும் என்றார். பொறுப்பாளர் அதைக்கூடச் சொல்லவில்லை. "அங்க போறவங்களுக்கு இது வசதிதானேம்மா?" என்று சிரித்தார். புறப்பட இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. போனால் திரும்ப வண்டி கிடையாது. "கட்டாயம் ஒண்ணும் இல்லம்மா. கடைசி நாள் வேன்லேர்ந்து இறங்கிட்டாக்கூடப் போதும், ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டோம்" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் அம்மா முடிந்து வைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து, "எத்தனை கிலோ இளைச்சே?" என்று கேட்டாள். பதில் வராததில் முகம் சுண்டிப்போய், "வாயில பூட்டா போட்டு அனுப்பியிருக்காங்க?" என்று முனகிவிட்டுப் போய்விட்டாள். அவள் எழுந்துபோன காலி நாற்காலியைப் பார்த்து மகள் பிற்பாடு, "நாலு கிலோ அக்கா" என்று மரியாதையாகச் சொன்னாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுப்படியில் நடந்ததற்குச் சிரிக்க முடியவில்லை. மகள் சூடான சட்டியை எடுக்கக் கை நீட்டினாள். "பாத்து, சுடும்!" என்று அம்மா அலறினாள். மகள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை; தொட்டாள், சுட்டுக்கொண்டாள், விரலை உதறிவிட்டுப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இருபது நிமிடம் கழித்து, சும்மா மடியில் கிடந்த கையை வெடுக்கென்று நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, பயந்த கண்ணோடு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

வாசல் கதவைத் திறக்கும் முன் உள்ளங்கையை அதன் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். அந்தப் பக்கம் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்பது அம்மாவுக்கு மூன்றாம் நாள்தான் புரிந்தது.

அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த வேலைதானே இது? ஏழு பத்துக்குக் கேட்டால் ஏழரைக்குப் பதில். நடுவில் அடுப்பைப் பார்ப்பாள், துணி மடிப்பாள், சரியாக ஏழரைக்கு மகள் எதிரில் வந்து நிற்பாள். தப்பாமல் வந்தது. இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம், இந்தப் பெண் இங்கே இருந்தால் போதும் என்றுகூட நினைத்தாள்.

ஒரு நாள் தோட்டக்காரர் வந்தார். உள்ளே இருந்த எட்டுப் பேரில் விளக்கு வெளிச்சத்தில் கீரை வளர்த்தவர். அம்மா டீ போட உள்ளே போனாள். கூடத்தில் இரண்டு பேரும் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முடிக்கும் முன் மற்றவர் பிடித்துக்கொண்டார். கேள்வி விழுந்த இடத்திலேயே பதில் விழுந்தது. மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நானூற்றுச் சொச்சம் நாள் ஆகியிருந்தது. அம்மா அடித்துப் பிடித்துக்கொண்டு தட்டோடு ஓடிவந்தாள். "சரியாயிடுச்சா பாப்பா?"

இரண்டு பேரும் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். முகத்தை நேராகப் பார்க்கவில்லை. நெற்றிக்குச் சற்று மேலே, உள்ளே அவர்களுக்குத் திரை மாட்டியிருந்த உயரத்தில் பார்த்தார்கள். அன்பாகவே சிரித்தார்கள். டீ ஆறிப்போனது. தோட்டக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகு மகள், "என்னம்மா சரியாகணும்?" என்றாள்.

அவர்களுக்குள் தொலைவே இல்லை. தொலைவில் இருந்தவள் அம்மாதான். அன்று மாலை முழுக்க அவள் வீட்டுக்குள் நடக்கவே கூசினாள்.

மறுநாள் கேட்டேவிட்டாள். "இங்க என்ன குறைச்சல்? அந்தக் கட்டாந்தரையில போய் அப்படி என்னத்த வாழப்போறே?" கேட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். தண்ணீரை நிறுத்திவிட்டு வந்து நேரத்துக்கு நின்றாள்.

"எத்தனை மாடி வீடா இருந்தாலும் ஒரே ஒரு தொட்டி மட்டும் வெச்சுக் கட்ட நான் ஒத்துக்கவே மாட்டேன்மா" என்றாள் மகள். அவள் குழாய் வேலை செய்கிறவள். எட்டுப் பேரில் அவளைச் சேர்த்ததே அதற்காகத்தான். "தொட்டி நல்லாத்தான் இருக்கும். நூறு வருஷம்கூட இருக்கும். ஆனா விரிசல் விட்ட அன்னிக்கு மொத்த வீடும் தாகத்துல நிக்கும். இப்ப நாம அத்தனை பேரும், நேத்து பொறந்த குழந்தை வரைக்கும், ஒரே தொட்டியிலதான் இருக்கோம். யாராவது போய் இன்னொண்ணு கட்டணும். அது சின்னதா, அசிங்கமாத்தான் இருக்கும். முதல்ல ஒழுகத்தான் செய்யும். ஒழுகுற இடத்துல நான் இருக்கணும்மா."

"இருக்கிற தொட்டியைப் பூசுறதுக்கு ஆள் வேணாமா? எதுக்கு நீ? ஊர்ல வேற குழாய்க்காரங்களே இல்லையா?" அம்மா பொங்கினாள். அது போய்ச் சேர இன்னும் நேரம் இருந்தது. மகள் அமைதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரோடு சண்டை போடக்கூட இருவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியிருக்கிறது. பதில் வந்தபோது அம்மாவுக்குக் கோபம் வடிந்துவிட்டது. "பூசுறவங்க பூசட்டும்மா. நான் போகாட்டி இன்னொருத்தி போவா. அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாங்க."

கடைசி வாரத்தில், தழும்பு ஓடிய அந்தக் கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அம்மா கேட்டாள். "அன்னிக்கு என் மேல கோவமா இருந்துச்சா?" தேய்த்துக்கொண்டே இருந்தாள். எண்ணெய் முழங்கை வரை ஊறிப்போனது.

"சுவர்கிட்டதான் ஒக்காந்திருந்தேன்மா. நீ அந்தப் பக்கம் இருக்கேன்னு தெரியும். நீ தட்டிடுவியோன்னு பயந்துட்டேன். தட்டியிருந்தா அன்னிக்கே எல்லாத்தையும் விட்டுட்டு வெளியில வந்திருப்பேன். நீ தட்டல." மகள் நெற்றிக்கு மேலே பார்த்துச் சிரித்தாள். "அதனாலதான் தைரியமாப் போறேன்."

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மகளை அனுப்பிவைத்தது பொறுப்பாளர் இல்லை, ராக்கெட் கட்டியவர்கள் இல்லை. அசையாமல் உட்கார்ந்திருந்த அவளேதான்.

இத்தனை கேட்டவள் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அதைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தாள். வேன் சாயங்காலம் ஆறு மணிக்கு. ஐந்தரைக்குக் கேட்டால் ஐந்து ஐம்பதுக்குப் பதில் வந்துவிடும். மேற்கொண்டு பேசப் பத்து நிமிடம் மிச்சம். எல்லாம் யோசித்துத்தான் வைத்திருந்தாள். ஐந்தரைக்கு அம்மா மகளின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். எழுந்து போனாள். தண்ணீர் குடித்தாள். மகளின் பையைத் திறந்து, ஏற்கெனவே மடித்திருந்த துணியை மறுபடி மடித்தாள். முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டால், அந்த முகத்தை மிச்சக் காலம் முழுக்க எப்படிப் பார்ப்பது என்று அதைவிடப் பயந்தாள். தலை நிமிர்ந்தபோது கடிகாரம் ஐந்து ஐம்பது காட்டியது. நானூறு நாள் அந்த மேஜையில் செய்யாத தப்பு.

"பாப்பா, போகாதேன்னு நான் சொன்னா இருந்துடுவியா?"

மகள் சிரித்தாள். அது எப்போதோ கேட்ட வேறு எதற்கோ வந்த சிரிப்பு. இதற்குப் பதில் ஆறு பத்துக்குத்தான்.

ஆறு மணிக்கு வேன் சொல்லிவைத்தாற்போல வந்தது. உள்ளே தோட்டக்காரர் இருந்தார். மகள் குனிந்து அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்து நின்றாள். தொடுவதற்கு மட்டும் தாமதமே இருந்ததில்லை. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு, வாசல் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கினாள். வேன் கதவு மூடியது. உள்விளக்கு அணைந்தது.

அம்மா மொட்டை மாடிக்கு ஏறினாள். முழங்கால் வலி ஞாபகத்துக்கே வரவில்லை. இருட்டத் தொடங்கியிருந்தது. தெரு முழுக்கத் தெரிந்தது. கடைசியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. சரக்கு ரயில் வந்துகொண்டிருந்தது. வேன் வரிசையில் கடைசியாக நின்றது, பின்பக்கம் சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்தபடி. ஆறு ஏழு. ஆறு எட்டு. ரயில் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அம்மா கைப்பிடிச் சுவரில் விரலை வைத்திருந்தாள், பொத்தான் மேல் வைப்பதைப் போலவே. அழுத்த ஒன்றும் இல்லாவிட்டாலும் எடுக்க மனமில்லை. ஆறு ஒன்பது. அவள் உதடு செகண்டு செகண்டாக எண்ணியது.

ஆறு பத்துக்கு வேனுக்குள் விளக்கு எரிந்தது.

இறங்குகிற கதவு அந்தப் பக்கம். இங்கிருந்து வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. ரயில் இன்னும் போய்க்கொண்டிருந்தது.