கெசியா மாற்றிய எழுநூற்று நாற்பது மீட்டர்

2023 ஜூன் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, கல்லிடைக்குறிச்சியில் முத்துமாலை என்பவரின் வயல் பதினோரு அடி கிழக்கே நகர்ந்து, கெசியா வரைந்த கோட்டுக்குள் போய் நின்றது. நாற்று ஒன்றுகூடச் சாயவில்லை. கிணறு தண்ணீர் சிந்தாமல் கூடவே போனது. பக்கத்து வயல்களும் வரிசையாக ஆளுக்குப் பதினோரு அடி தள்ளிக்கொண்டன. கெசியா பாளையங்கோட்டையில் ஒரு தனியார் நில அளவை அலுவலகத்தில் மாதம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வரைபடம் வரைகிறவள். எல்லையைத் தப்பாகப் போட்டுவிட்டாள் என்று முதலாளி அவளைத் திட்டிவிட்டு, அளவுநாடாவோடு ஓர் ஆளை அனுப்பியிருந்தார். அந்த ஆள் அளந்து பார்த்துவிட்டு, வரைபடம் சரியாகத்தான் இருக்கிறது, வயல்தான் இத்தனை நாளும் தப்பான இடத்தில் கிடந்திருக்கிறது என்று சொன்னான். கிராம நிர்வாக அலுவலர் பரப்பில் மாற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கெசியாவின் அப்பா தானியேல், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் புவியியலும் வரைபடக் கலையும் படிக்க இரண்டு லட்சத்து எண்பதாயிரம் செலவழித்திருந்தார். கணினி படித்த அண்ணன் மகன் ஜாஸ்பர் கங்கைகொண்டான் மென்பொருள் பூங்காவில் மாதம் முப்பத்திரண்டாயிரம் சம்பளம் வாங்கினான். ஆகவே இந்தப் பட்டத்துக்கு விலை என்ன என்ற கேள்வி அவரை இரண்டு வருடமாக அரித்துக்கொண்டிருந்தது. காப்பீட்டு முகவரிடம் கேட்டார், நகைக்கடையில் கேட்டார். கடைசியில் பட்டச் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிப் பழைய பேப்பர் கடைக்கே கொண்டுபோனார். சட்டத்தோடு சேர்த்து அறுநூறு கிராம், கண்ணாடியை எடுத்துக்கொள்வதில்லை என்றார் கடைக்காரர்.

கெசியாவின் அம்மா முழங்கால் வலியால் மூன்று வருடமாக ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை. வீட்டுச் சன்னல் அருகே நின்று மணியோசையை மட்டும் கேட்பாள். வயல் நகர்ந்ததைக் கேள்விப்பட்ட வாரமே கெசியா தங்கள் பகுதியின் வரைபடத்தை எடுத்து, ஆலயத்தை வீட்டுப் பக்கமாக எழுநூற்று நாற்பது மீட்டர் இழுத்து வரைந்தாள். ஞாயிறு காலை அது தெருமுனையில், கோபுரமும் சைக்கிள் நிறுத்துமிடமும் சகிதமாக நின்றது. அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு யார் கையையும் பிடிக்காமல் நடந்து போனாள். போதகர் அன்றைய அறிவிப்பில் புதிய முகவரியையும் சேர்த்து வாசித்தார்.

இந்தச் செய்தி மனை வியாபாரி பெருமாள்ராஜ் வரை போனது. பாபநாசம் சாலையில் அவருக்கு அறுபது மனை விற்காமல் கிடந்தது. பேருந்து நிலையத்திலிருந்து பதினான்கு கிலோமீட்டர். அதை மூன்றாக்கித் தந்தால் நாற்பது லட்சம் தருவதாக வீட்டுக்கே வந்து சொன்னார். தானியேல் அன்று சாயங்காலம் சான்றிதழைத் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டினார்; மகளுக்குத் தானே காப்பி வாங்கிவந்தார்.

கெசியா அந்த வேலையைத் தொடங்குவதற்குள், கல்லிடைக்குறிச்சியிலிருந்து சுடலைவடிவு என்ற அப்பளக்காரி தலையில் அப்பளக் கட்டோடு வந்து அலுவலக வாசலில் உட்கார்ந்தாள்.

“ஏ பிள்ள, எங்க வாசல்ல இருந்து பஸ்ஸுக்கு நாலு எட்டுதான் இருந்துச்சு. போன ஞாயித்துக்கிழமையில இருந்து நடக்கேன், நடக்கேன், வரமாட்டேங்கு. சுமை கழுத்த ஒடிக்கி.”

கெசியா அளக்கப் போனாள். நாடாவின் மறுமுனையைப் பிடிக்கத் தானியேலும் போனார். போகிற வழியில் அப்பளக் கட்டை அவர் வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். சரியாக எழுநூற்று நாற்பது மீட்டர் கூடியிருந்தது. ஓரிடத்தில் எடுத்த தூரம் இன்னோரிடத்தில் விழாமல் தீராது என்பதும், எங்கே போடுவது என்று அவள் குறிக்காததால் அது தன்போக்கில் இங்கே வந்து விழுந்திருக்கிறது என்பதும் கெசியாவுக்கு விளங்கியது. ஆலயத்தைப் பழைய இடத்துக்கே அனுப்பிவிடலாம். ஆனால் சேலைத் தலைப்பைச் சரிசெய்த அம்மாவின் கை அவள் கண்ணிலேயே நின்றது. இருவரும் பஸ் பிடித்துத் திரும்பினார்கள். சேரன்மகாதேவி தாண்டியதும் தானியேல் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“நம்ம வீட்டுக்குள்ளயே போட்டுரு பிள்ள. முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவுல. சமையல இனி நான் பாத்துக்கிடுதேன்.”

மறுநாள் பெருமாள்ராஜ் முன்பணப் பெட்டியோடு வந்தபோது வீட்டின் உள்ளே தொலைவில் ஒரு புள்ளியாகத் தானியேல் நடந்து வருவது தெரிந்தது. வந்து சேரப் பத்து நிமிடம் ஆனது. கையிலிருந்த காப்பி ஆறியிருந்தது.

“ஒங்க பதினோரு கிலோமீட்டர எங்கன போடுறது அண்ணாச்சி?” என்று கெசியா கேட்டாள்.

“மலைக்கு அங்கிட்டுத் தள்ளிரு.”

“அங்கனயும் ஆள் இருக்கே.”

பெருமாள்ராஜ் தானியேலைப் பார்த்தார். “வே, நாப்பது லட்சம் வே.”

“எங்க வீட்டுல எழுநூத்தி நாப்பது மீட்டர் கொள்ளும் அண்ணாச்சி. பதினோரு கிலோமீட்டர் கொள்ளாது. ஒங்க வீடு பெரிசு, அங்கன போட்டுக்கிடலாமா?” என்றார் தானியேல்.

பெருமாள்ராஜ் தன் வீட்டின் அறைகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு, ஆறின காப்பியைக் குடித்து முடித்து, பெட்டியோடு கிளம்பினார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும், காலையில் நடக்கச் சாலை இல்லாத சர்க்கரை நோயாளிகள் தானியேல் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். கூரைக்குக் கீழே அவ்வளவு நீளமான, நனையாத பாதை அந்த ஊரில் வேறெங்கும் இல்லை. ஆளுக்கு மாதம் முந்நூறு ரூபாய் என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். கார்த்திகை முடிவதற்குள் ஐம்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். கெசியாவின் சம்பளத்தைவிட அது அதிகம். தானியேலுக்கு இடுப்பில் வேட்டி நழுவும் அளவுக்கு உடம்பு இறங்கியது, மீன்குழம்பும் கைவந்தது. மின்வாரியத்தார் வந்து பார்த்து, நானூறாவது மீட்டரில் ஒரு விளக்குக் கம்பம் நட்டுவிட்டுப் போனார்கள். தை பிறந்ததும் ஆட்டோக்காரர் சதாம் முறைப்படி விண்ணப்பித்து, முன்னறைக்கும் அடுக்களைக்கும் இடையே ஷேர் ஆட்டோ விட்டார். ஆளுக்குப் பத்து ரூபாய். கெசியாவின் அம்மாவிடம் மட்டும் அவர் வாங்குவதில்லை. தினமும் காலையில் அவள் முன்சீட்டுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, குழம்பில் உப்பு சரியா என்று பார்க்கப் போய்வருகிறாள்.