மாதிரியைப் பார்க்கவும்

மாகாண உள்ளாட்சி இயக்ககத்தில் அவளுக்கு ஒரு நீளமான பதவிப் பெயர் உண்டு. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் என்பதால் யாரும் சொல்வதில்லை. முப்பத்தொரு நகராட்சிகளிலும் அவளுக்குப் பெயர் 'ஃபார்ம் அக்கா'தான். அவள் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு பேசுவார்கள். அவளுக்கு எல்லாம் விழும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெருமைக்குக் காரணம் இருந்தது. சிறிய நகராட்சிகளுக்கு என்ன குறை, என்ன தேவை என்று மாதாமாதம் கேட்டு, தேவையானதை அனுப்பிவைப்பது அவள் பிரிவின் வேலை. கேட்பதற்கு ஒரு படிவம். அதை ஒழுங்காக நிரப்பத் தெரிந்த நகராட்சி ஒன்றுகூடக் கிடையாது. தேதிக் கட்டத்தில் ஊர்ப் பெயர் இருக்கும். குடிநீரின் தரம் என்ற இடத்தில் 'பரவாயில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவள் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவாள். அவர்கள் வேறொரு தப்போடு மறுபடி அனுப்புவார்கள். மூன்று வருடம் இந்தக் கூத்து நடந்தது. கடைசியில் பொறுமை போய், ஒருநாள் மத்தியானம் உட்கார்ந்து எல்லாக் கட்டங்களையும் தானே நிரப்பி, மேலே 'மாதிரி' என்று கொட்டை எழுத்தில் போட்டு எல்லா ஊருக்கும் அனுப்பினாள். ஒன்றிரண்டு மாதத்தில் திருப்பி அனுப்பும் படிவங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. இயக்குநர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கைதட்டினார்.

அந்தப் படிவங்களை வைத்துத்தான் இந்த வருடம் சிறந்த நகராட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வருடமாக ஒரு குறை இல்லை, ஒரு கோரிக்கை இல்லை, தண்ணீரின் தரம் இம்மி பிசகவில்லை. கேடயத்தை அவளே எடுத்துக்கொண்டு அந்த ஊருக்கு வந்திருந்தாள். விழா நாலு மணிக்கு. இரண்டரைக்கே வந்துவிட்டதால், சும்மா இருக்க முடியாமல் குடிநீர்ப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னாள்.

நகராட்சிச் செயலரின் அறையில் ஒரு இரும்பு அலமாரி, கதவு திறந்துகொள்ளாமல் இருக்க இடுக்கில் திணித்த அட்டை, ஜன்னலுக்கு வெளியே உயரமாக ஊரின் ஒரே தண்ணீர்த் தொட்டி. செயலர் விழாவுக்காகப் புதுச் சட்டை போட்டிருந்தார். கழுத்துப் பட்டன் அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

அவள் பக்கங்களைப் புரட்டினாள். குளோரின் அளவு 0.4. மறுநாளும் 0.4. மழைக்காலத்திலும் 0.4.

"வருஷம் பூரா ஒரே அளவா? பெரிய ஊர்லயே இது முடியாது. எப்படிங்க?"

"எல்லாம் உங்க தயவு மேடம்."

மரியாதைக்குச் சொல்கிறார் என்று சிரித்துக்கொண்டே அடுத்த கட்டத்தைப் பார்த்தாள். பரிசோதனைத் தூளின் தொகுதி எண். பி.கே. 2217. கீழேயும் பி.கே. 2217. பக்கம் முழுக்க அதுதான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த எண் எந்தத் தூளுக்கும் உரியதல்ல. மாதிரியை நிரப்பிய அன்று, அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், மேசைமேல் கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்து எழுதிய எண். அவள் கணவரின் ரத்த அழுத்த மாத்திரை. அன்று வாங்கிவந்து கைப்பையில் போட மறந்திருந்தாள்.

"இந்த நம்பர் எங்கேருந்து எடுத்தீங்க?"

"நீங்க அனுப்பின பேப்பர்லேருந்துதான் மேடம்."

"சார், அது சும்மா ஒரு உதாரணத்துக்கு!"

"தெரியும் மேடம். ஒரு புள்ளிகூட மாறாம அப்படியே எழுதியிருக்கோம்." அவர் குரலில் குற்ற உணர்ச்சி மருந்துக்கும் இல்லை. நல்ல மதிப்பெண் வாங்கியவர் போலத்தான் நின்றார்.

பம்ப் ஆபரேட்டரைக் கூப்பிடச் சொன்னாள். கையில் கிரீஸோடு வந்தார். சோதனைக் கருவி எங்கே என்று கேட்டாள்.

"அந்தப் பெட்டியா? அது உடைஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. சோதிக்கிற பவுடரும், தண்ணியில போடுற குளோரின் பவுடரும் அப்பவே தீர்ந்துபோச்சு. ஆத்துத் தண்ணி மேல ஏறுது, தொட்டியில விழுது, குழாய்ல போகுது. நடுவுல ஒண்ணும் கிடையாது மேடம்."

"வாயைத் திறந்து கேட்டா என்ன? கேக்குறதுக்குத்தானே அந்த ஃபார்மே இருக்கு!"

ஆபரேட்டர் செயலரைப் பார்த்தார். செயலர் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் பிரித்து அவள் முன்னால் வைத்தார். இரண்டு வருடத்துக்கு முந்தைய படிவம். தேவைகள் என்ற கட்டத்தில், 'குளோரின் கருவி உடைந்துவிட்டது, பவுடர் இல்லை, அவசரம்' என்று எழுதியிருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் அவளுடைய கையெழுத்து, அழகாக, சாய்வாக: 'எண்ணிக்கை மட்டும் எழுதவும். மாதிரியைப் பார்க்கவும்.'

"பார்த்தோம் மேடம். அதுல சைபர்னு இருந்துச்சு. நாங்களும் சைபர் போட்டோம். பாஸாயிடுச்சு."

ஒவ்வொரு மாதமும் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்த்தாளே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் படித்ததில்லை. இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தைச் செய்துவிட்டுக் கேடயத்தையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோமே என்று அவளுக்கு அவள் மீதே அருவருப்பாக இருந்தது.

அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பதிவறை எழுத்தர் எடுத்தார். மற்ற ஊர்களின் படிவங்களை எடுத்து, தூளின் எண்ணை மட்டும் வாசிக்கச் சொன்னாள். அவர் பி.கே. 2217 என்று வாசித்தார். அடுத்ததையும் அப்படியே வாசித்தார். ஆறாவது படிவத்தில் நிறுத்திவிட்டார்.

"என்ன மேடம் இது, எல்லாத்துலயும் ஒண்ணேதான் இருக்கு?"

"எத்தனை ஊர்னு எண்ணிச் சொல்லுங்க."

இந்த ஊரையும் சேர்த்து இருபத்தாறு. மீதி ஐந்து ஊர்க்காரர்கள் அந்தக் கட்டத்தை நிரப்பவே இல்லை. அவர்களுக்குத்தான் போன வாரம் அவள் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள்.

பம்பை உடனே நிறுத்தச் சொன்னாள். கிடங்கில் இருக்கும் சோதனைப் பவுடரையும் குளோரின் பவுடரையும் லாரியில் ஏற்றச் சொன்னாள். அப்புறம் இயக்குநரைக் கூப்பிட்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகத்தான் பேசினார்.

"பவுடர் போகட்டும், தப்பில்ல. நீங்க கேடயத்தைக் குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு வந்துருங்க. மைக்ல எதையாவது உளறினா, ஊரே ரோட்டுக்கு வந்துடும். உங்க வேலைக்கும் நான் பொறுப்பில்ல."

மணி நாலாகியிருந்தது. கூடத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். செயலர் வரவேற்றுப் பேசி, மைக்கை அவளிடம் கொடுத்தார். என்ன பேசப்போகிறோம் என்று அதுவரை அவளுக்கே தெரியாது. முன்வரிசையில் ஒரு குழந்தை பாட்டிலைத் தூக்கித் தண்ணீர் குடித்ததைப் பார்த்துவிட்டாள்.

"குழாய்த் தண்ணியை யாரும் காய்ச்சாம குடிக்காதீங்க. ரெண்டு வருஷமா அதை யாரும் சோதிக்கவே இல்ல. சுத்தமா இருக்குன்னு நாங்க சொன்னது பொய்."

செயலர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நடந்து வந்தாள். கழுத்தில் அளவுநாடாவைக் கழற்ற மறந்திருந்தாள். கடைத்தெருவில் தையல்கடை வைத்திருப்பவள் என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

"நான் காய்ச்சித்தான் குடுத்துக்கிட்டிருந்தேன் மேடம்," என்றாள். "எம்பொண்ணுக்குச் சின்ன வயசுலேருந்தே எதுவும் ஒத்துக்காது. தண்ணி கலங்கலா வருதேன்னு ரெண்டு மாசம் முன்னாடி இங்க வந்து கேட்டேன். மாகாண ஆபீஸே நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்திருக்கு, பயப்படாதீங்கன்னு மாசாமாசம் அனுப்புற ஃபார்மோட நகல் ஒண்ணு குடுத்தாங்க. அதைப் பார்த்துட்டுக் காய்ச்சுறதை விட்டுட்டேன்."

"பொண்ணு இப்ப எப்படி இருக்கா?"

"ஆஸ்பத்திரியில இருக்கா. காமாலை முத்திப்போச்சுன்னு சொல்றாங்க. காலையில என்னையே யாருன்னு கேட்டா." அவள் அழவில்லை. பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். "மேலிடத்துலேருந்து ஆள் வர்றாங்கன்னாங்க, அதான் வந்தேன். டாக்டர் இதைப் படிச்சுட்டு, கையெழுத்துப் போட்டவங்க தண்ணியைப் பார்த்துட்டுத்தான் போட்டாங்களான்னு கேட்டாரு. இது யாரு மேடம்?"

அவள் மைக்கை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். காகிதத்தின் அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரை. அதன்மேல் அழகாக, சாய்வாக ஒரு கையெழுத்து.

"நான்தாம்மா. பார்க்காமத்தான் போட்டேன்."

தையல்காரி காகிதத்தைத் திருப்பி வாங்கி, தண்ணீரைப் பார்க்காமல் போட்டது என்று டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும் என்றபடி வேகமாக வெளியே நடந்தாள்.