தனிக் கவன அறை

வெளிநாட்டுப் பள்ளிக்கு மாணவர் குழு போகிறது என்று அறிவித்த அன்றே, தாளாளரின் மனைவிக்குப் ‘பண்பாட்டு ஒருங்கிணைப்பாளர்’ என்ற பதவி முளைத்துவிட்டது. அவர்களுடைய மகனும் மைத்துனர் மகளும் பிறவியிலேயே திறமைசாலிகள் என்பதால் தேர்வு சுலபமாக முடிந்தது. மிஞ்சியது ஓர் இடம். அங்கே யாராவது ஏதாவது கேட்டுவிட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே! ஆசிரியர்கள் ஒரே குரலில் பத்தாம் வகுப்பு வாயாடியைக் கைகாட்டினார்கள்.

விமானத்தில் தாளாளர் பாடம் எடுத்தார். “எதைப் பார்த்தாலும் வாயப் பொளக்கக் கூடாது. எங்க ஸ்கூல்லயும் இருக்குன்னு சொல்லிடணும். புரியுதா?”

“இல்லாததையுமா சார்?”

“அதைத்தாம்மா முக்கியமா சொல்லணும்.”

அந்தப் பள்ளியில் புதுப் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. தலைமையாசிரியை வாசலுக்கே வந்து, முகம் வலிக்கும் அளவுக்குச் சிரித்து வரவேற்றார். முதல் வகுப்பறையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் கணக்கைப் பலகையில் மளமளவென்று போட்டு முடித்தாள். அடுத்து ஆய்வகம். அங்கேயும் அதே கண்ணாடிக்காரி குடுவையைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். இசை அரங்கில் வயலினோடு நின்றவளும் அவள்தான். அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

“எங்க ஸ்கூல்லயும் இருக்கு” என்றார் தாளாளர், வயலினைப் பார்த்து.

கழிப்பறையைத் தேடிப் போன வாயாடி வழி தவறி, விளையாட்டுச் சாமான் அறைக் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே ரப்பர் மெத்தைகள் மேல் ஒரு கூட்டமே உட்கார்ந்து கதையடித்துக்கொண்டிருந்தது. காவலுக்கு இருந்த விளையாட்டு ஆசிரியர் கழுத்தில் விசிலோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஒட்டடைக்குச்சி போல் உயரமான ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். இருவருக்கும் தெரிந்தது அரைகுறை ஆங்கிலம். அவர்கள் பேசிக்கொண்டதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

“நீயும் மக்குதானா?”

“இல்ல, விருந்தாளி.”

“அட! உங்களுக்காகத்தான் எங்கள அடைச்சு வச்சிருக்காங்க.”

“நீ என்ன பண்ணின?”

“போன வருஷம் வந்தவங்க குளுருதான்னு கேட்டாங்க. ஹீட்டர் ஓடி ரெண்டு வருஷமாச்சுன்னு சொல்லிட்டேன்.”

வாயாடிக்குக் கூடப்பிறந்தவளைப் பார்த்தது போல் இருந்தது. “எங்க ஸ்கூல்ல யாராவது பார்வையிட வந்தா, என்னை மாதிரி ஆளுங்களுக்கு லீவு விட்டுடுவாங்க.”

“குடுத்து வச்சவங்க!”

சிரிப்புச் சத்தத்தில் ஆசிரியர் விழித்துக்கொண்டார். அதே நேரம் கதவு திறந்தது. அவளைத் தேடி வந்த தாளாளரும் தலைமையாசிரியையும் நின்றார்கள். தலைமையாசிரியையின் முகத்தில் ஈயாடவில்லை.

“இவங்க... தனிக் கவனம் தேவைப்படுற பிள்ளைங்க” என்று இழுத்தார்.

தாளாளர் அறையைச் சுற்றிலும் பார்த்தார். அவர் கண்கள் மின்னின. “நாங்க வீட்டுக்கு அனுப்பிடறோம் மேடம். பெத்தவங்க வந்து சண்டை போடறாங்க. இது தேவலையே! சத்தம் வெளிய கேக்காதா?”

தலைமையாசிரியைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “சுவத்துலயும் மெத்தை அடிச்சிருக்கோம், பாருங்க!”

பயணம் தொடங்கியதிலிருந்து இரண்டு பள்ளிகளும் மனம்விட்டுப் பேசிக்கொண்டது அப்போதுதான். பின்னாலேயே வந்த பண்பாட்டு ஒருங்கிணைப்பாளர் மெத்தையைத் தட்டித் தட்டிப் படம் எடுத்தார்.

மாலையில் பிரிவுபசாரம். நன்றி சொல்ல வாயாடியை மேடையேற்றினார்கள்.

“இந்த ஸ்கூல்ல எல்லாமே அழகா இருக்கு” என்று தொடங்கினாள். கைதட்டல். “ஆனா எங்கிட்ட நிஜமாப் பேசினவங்க சாமான் ரூம்ல அடைஞ்சு கிடக்கறாங்க.” அதற்கும் பலத்த கைதட்டல். பேசுகிறவர் மூச்சு விடும்போதெல்லாம் தட்ட வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். “கேக் நிறைய இருக்கு. அவங்களையும் கூப்பிடலாமே?”

அரங்கம் அதிர்ந்தது. தலைமையாசிரியை சிரித்த முகத்தை மாற்ற முடியாமல் தவித்தார். நாள் முழுக்க அறை அறையாக ஓடி அலுத்துப்போன கண்ணாடிக்காரி எழுந்தாள். யாரையும் கேட்காமல் போய்க் கதவைத் திறந்துவிட்டாள். கூட்டம் திமுதிமுவென்று வந்து கேக்கைச் சுற்றி நின்றது. உயரமானவள் தன் துண்டைப் பிய்த்து வாயாடிக்குப் பாதி கொடுத்தாள்.

“இவள எதுக்குங்க கூட்டிட்டு வந்தீங்க?” என்று தாளாளரின் மனைவி பல்லைக் கடித்தார்.

ஊர் திரும்பியதும் தாளாளர் முதல் வேலையாக மெத்தை அடித்த ஓர் அறை கட்டினார். கல்வி அதிகாரி வரும் நாளும் வந்தது. நமக்கு எதற்கு வம்பு என்று ஒவ்வோர் ஆசிரியரும், எதையாவது உளறிவிடும் என்று சந்தேகப்பட்ட பிள்ளைகளையெல்லாம் அங்கே அனுப்பிவைத்தார். அறை பிதுங்கியது, வகுப்புகள் வெறிச்சோடின. அதிகாரியின் கார் வாசலில் நின்றபோது முன் பெஞ்சில் தாளாளரின் மகன் மட்டும் இருந்தான்.

தாளாளர் வேர்க்க விறுவிறுக்க ஓடிப்போய்க் கதவைத் தட்டினார்.

“வாம்மா, வந்து க்ளாஸ்ல உக்காரு. நீ எது வேணும்னாலும் பேசிக்கோ!”

“கொஞ்சம் இருங்க சார்” என்றாள் வாயாடி உள்ளிருந்து. “இங்க ஒரு கதை பாதியில நிக்குது.”