முதல் கன்று

றெனோல்ட் வாயாலேயே காடு வளர்ப்பவன் என்று மனைவி ஜொய்சி கேலி செய்வாள். மொன்றியலுக்குப் பக்கத்தில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படித்தவன். ஒரு கடதாசி ஆலைக்காகக் காணிக்காரரின் படியேறி, கூழுக்குப் பொப்ளர் மரம் நடச் சொல்வதுதான் வேலை. மரம் முற்றும்வரை ஆலை வருஷக் குத்தகை தரும், பிறகு மரத்தையும் வாங்கிக்கொள்ளும். ஆற்றுக்கு அப்பால் உள்ள ஊர்களில் அடுப்பெரிந்ததே அந்த ஆலையால்தான். மரலொறி ஓட்டுபவன் முதல் சாப்பாட்டுக்கடைக்காரி வரை அதன் காசில் வாழ்ந்தார்கள். அதனால் றெனோல்ட் தான் புண்ணியம் செய்வதாகவே நினைத்திருந்தான்.

2007 வசந்தத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஜொய்சி முகம் வெளிறி வீட்டுக்கு வந்தாள். டவுன்டவுனில், ஆலையை நடத்தும் கம்பனியின் தலைமை அலுவலகத்தில் அவளுக்கு வேலை.

"ஆலையை மூடப்போறாங்கள். பிரேசிலிலை யூக்கலிப்டஸ் ஏழு வருஷத்திலை வெட்டுக்கு வருதாம். அந்தக் கூழைக் கப்பலிலை இறக்கினாலும் மலிவாம். அடுத்த கிழமைதான் வெளியிலை சொல்லுவினம்."

"நாளைக்கு அரியரத்தினம் அண்ணையின்ர காணியிலை நடுகையப்பா!"

"வாயைத் திறந்திடாதேங்கோ. உங்கட வேலை போகத்தான் போகுது. நான் சொன்னதெண்டு தெரிஞ்சு என்ர வேலையும் போனால் பிள்ளையளோட எங்கை போறது?"

அரியரத்தினம் டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கி முதுகைத் தேய்த்தவர். அந்தக் காசில் காணி வாங்கி, கத்தரியும் மிளகாயும் போட்டு மொன்றியல் தமிழ்க் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். இப்போது குனிய முடியவில்லை. மரத்துக்குக் குனியத் தேவையில்லை என்று றெனோல்ட் சொன்னதை நம்பி, பாதிக் காணியில் முன்பே மரம் வைத்துவிட்டார். மீதி இருந்தது அந்த மரக்கறித் தோட்டம் மட்டும்தான்.

மறுநாள் காலை அவர் வேட்டி கட்டி, மேலே குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"மிளகாய் நாத்தெல்லாம் சனத்துக்குக் குடுத்திட்டன், தம்பி. இனி மரம்தான் எனக்குச் சோறு."

இப்போது சொன்னாலும் நாற்றைத் திருப்பி வாங்கலாம். இந்தக் கோடையாவது தப்பும். றெனோல்ட் அவர் பக்கம் திரும்பினான். "அண்ணை..." என்று தொடங்கினான்.

"ஓம், ஓம், அதைத்தான் நானும் சொல்ல வந்தனான். உம்மட கை ராசியான கை. முதல் கன்றை நீரே வையும்."

கன்றை அவன் கையில் திணித்தார். ஜொய்சியின் முகம் நினைவுக்கு வந்தது. றெனோல்ட் குந்தியிருந்து கன்றை வைத்து, மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினான். தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. பிறகு வேலையாட்கள் இறங்கினார்கள். மாலைக்குள் தோட்டம் முழுவதும் பொப்ளர்.

வியாழக்கிழமை செய்தி வெளியானது. அன்றே தொலைபேசி அடித்தது. திட்டு வாங்கத் தயாராகத்தான் றெனோல்ட் அதை எடுத்தான்.

"தம்பி, றேடியோவிலை கேட்டனான்," என்றார் அரியரத்தினம். குரல் உடைந்திருந்தது. "பாவியள், உம்மையும் எல்லோ ஏமாத்திப்போட்டாங்கள். தெரிஞ்சிருந்தால் நீர் எனக்குச் சொல்லாமல் விட்டிருப்பீரே?"

ஜொய்சி கைவேலையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

"ஓம் அண்ணை," என்றான் றெனோல்ட். "சொல்லியிருப்பன்."